நான் வெட்டின நாலு வரி

ஹலோ... ஹலோ, வேணு சாமிங்களா? நான் கல்பனா பேசறேன், ஷாலினியோட தமிழ் டீச்சர்... ஆங், திருத்தணி ஸ்கூல்லேர்ந்துதாங்க... ஏங்க, சாமின்னு கூப்பிடக் கூடாதா?... ஐயோ. மாலையக் கழட்டிட்டீங்களா? ஆடிக் கிருத்திகை இன்னும் வரவேயில்லையே அண்ணா...

வெச்சிடாதீங்க! தறி சத்தத்துல ஒண்ணும் கேக்கல, கொஞ்சம் வெளிய வந்து பேசறீங்களா?... ஆங், இப்ப கேக்குது.

ஆமாங்க, பசங்க எழுதறதப் போடற அந்த இன்டர்நெட் பிளாக் நான்தான் ஆரம்பிச்சேன். பசங்க நோட்டுல எழுதினா நான் ஒருத்திதான் படிக்கிறேன். நெட்ல போட்டா நாலு பேர் படிப்பாங்க, அதுக்காகவாவது ஒழுங்கா எழுதுவாங்கன்னு... எழுதினாங்கண்ணா. உங்க பொண்ணுதான் எல்லாரையும் விட... ஆங்... ஆங், அவ உங்களப் பத்தி எழுதினது உங்க தெரு வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டேன்... என்னது, முட்டை சாமியா? யாரு அப்டி கூப்பிட்டுகினு இருக்கறது?... காவடிக் குழுவுலயேவா?... வரவே வேணாம்னுட்டாங்களா...

இல்லங்க, நான் சிரிக்கல... பொய் எதுக்கு, சிரிச்சேன்தான். ஸ்டாஃப் ரூம்ல எல்லாருமே சிரிச்சோம். மாலை போட்ட சாமி வாயில முட்டை போண்டாவோட இருந்தாருன்னு முடியுதா, அதான்... திட்டுங்க. என்னை நல்லா திட்டுங்க. அவளத் திட்டாதீங்க. நீங்க மூஞ்சி குடுத்துப் பேசறதில்லன்னு அவ ஸ்கூலுக்கே வர்றதில்ல அண்ணா.

ஆங்... ஊட்டினதும் அவளே, ஊருக்குச் சொன்னதும் அவளேன்னு தானே உங்களுக்கு வருத்தம்? அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஊட்டினத அவ மறைக்கல. எழுதியிருந்தா. நான்தான் வெட்டிட்டேன்... ஆங், நான்தான். கடைசி நாலு வரி... எதுக்குன்னா... போண்டாவோட முடிச்சா நறுக்குனு இருக்கும்னு தோணுச்சு. அவள ஒரு வார்த்தை கேக்கல. மனசு அறுத்துகினே இருக்குதுங்க.

அவ எழுதின பேப்பர் கையிலதான் இருக்கு. படிக்கட்டுங்களா?... ஒரே நிமிஷம்... 'விரதத்தில் வெறும் வயிற்றோடு தறியில் நின்ற அப்பா மயங்கி விழுந்துவிட்டார். எதிர்க்கடையில் முட்டை போண்டா மட்டும்தான் இருந்தது. அதை அவர் வாயில் வைத்தது நான். முருகன் கோபித்துக்கொண்டால் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும், என் அப்பாவைக் காவடி எடுக்க விடட்டும்.'

அண்ணா?... அண்ணா, அழாதீங்க... ஆங்... ஆங், வந்து சொல்றேன். குழுத் தலைவர் யாரு, பஞ்சாட்சரம்ங்களா? நானே உங்க ஊருக்கு, பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறி வந்து அவர்கிட்ட இத படிச்சுக் காட்டறேன்... அவ பக்கத்துலயா இருக்கா? குடுங்க, குடுங்க.

ஷாலினி?... டீச்சர் பேசறேம்மா... தப்பு என்மேலதான்டி, நீ எதுக்கு... அத இப்பவே பிளாக்லேர்ந்து எடுத்துடறேன்... எடுக்கக் கூடாதா? பின்ன? அந்த நாலு வரிய சேத்துடட்டுமா?... அது மட்டும் போதாதா... நானா? நான் எழுதணுமா?... என் பேர் போட்டா?... இல்லம்மா, அதுக்கில்ல, எச்.எம். நம்ம பிளாக் பத்தி போற மீட்டிங்ல எல்லாம் பெருமையா பேசிகினு... ஆங். ஆங், நியாயம்தான். நீங்கள்லாம் உங்க வீட்டு விஷயத்த எழுதினீங்க, எனக்கு மட்டும் என்ன வெக்கம்... சரி. எழுதறேன். நான்தான் வெட்டினேன்னு, இன்னிக்கே எழுதறேன்.

போடறதுக்கு முன்னால உங்கிட்ட காட்டணுமா?... ஆங், காட்டறேன்... பிடிக்காத வரிய நீ வெட்டிடுவியா?... ம்... வெட்டிக்கோ. ஆனா வெட்டறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு...

ஹலோ? ஷாலினி?... ஹலோ?