எவரையும் யாரென்று கேட்காத இபு மூர்த்தினிங்சிக்கு

சுராபாயா துறைமுகத்தின் சுடரே! சுங்கச்சாவடிக்கும் சொல்லறிவு தந்த சூத்திரதாரியே! மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு, முப்பத்தோராண்டு காலம் அதை மேசை முழுதும் தேடிய மேன்மையே! எங்கள் அன்னையெனும் பொருளில் நாங்கள் இபு என்றழைக்கும் மூர்த்தினிங்சி அவர்களே, வணக்கம்!

தாங்கள் வந்த காலத்தில், மதுரா தீவுக்குப் போகும் கப்பலில் வண்டி ஏற்றும் கணினி நிரல் எப்படி இருந்தது? வாசலுக்கு வரும் ஒவ்வொரு வண்டியையும், "நீ பேருந்தா? இல்லையென்றால் லாரியா? அதுவும் இல்லையென்றால் மோட்டார் சைக்கிளா?" என்று முப்பத்துநான்கு கேள்விகள் கேட்கும். கடைசிக் கேள்விக்குரிய மூன்று சக்கர மிதிவண்டி தான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள் கப்பல் அக்கரை சேர்ந்துவிடும். புதுவகை வண்டி ஒன்று வந்தாலோ, நிரலை முப்பத்துநான்கு இடங்களில் பிரித்துத் தைக்க வேண்டும்.

தாங்கள் அத்தனையையும் அழித்தீர்கள். "வாசலே, எவரையும் யாரென்று கேளாதே. உன் நீளம் என்ன என்று மட்டும் கேள்" என்று எழுதினீர்கள். பேருந்து தன் உடலை அளந்து சொல்லும். லாரி பின்னால் நீட்டிய மூங்கிலையும் சேர்த்துச் சொல்லும். எப்படிச் சொல்கிறது என்பது வாசலுக்குத் தேவையில்லை. உள்ளே வர விரும்பும் எவ்வகை வண்டியும், 'கேட்டால் நீளம் சொல்வேன்' என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்தால் போதும். அந்த வாக்குத்தான் இன்டர்ஃபேஸ் என்றும், ஒரே கேள்விக்கு அவரவர் வழியில் பதில் வருவதே பாலிமார்ஃபிசம் என்றும் புத்தகங்கள் சொல்கின்றன. எங்களுக்கு அது 'இபுவின் ஒற்றைக் கேள்வி'.

அந்த வாக்குக்கும் ஒரு சோதனை வந்தது. மதுராவில் காளைப் பந்தயம் நடந்த ஆண்டு, அத்தீவுக்காரரும் பேரன் கண்டவருமான நம் ரோகிப், 'பந்தயக்காளை வண்டி' என்று புதுவகை ஒன்றைச் சேர்த்தார். வாக்குக் கொடுத்தார், நீளத்தை மட்டும் அப்புறம் எழுதிக்கொள்ளலாமென்று பூஜ்ஜியம் போட்டார். பந்தயத்துக்கு முதல்நாள் காலை, கேட்ட வண்டிக்கெல்லாம் வாசல் திறந்தது. பூஜ்ஜியத்தோடு பூஜ்ஜியம் சேர்ந்தால் கப்பல் எப்படி நிரம்பும்? இருபத்தேழு வண்டிகள், ஐம்பத்துநான்கு காளைகள், நான்கு மேளக் கோஷ்டிகள் கப்பலேறும் பாலத்தில் சிக்கின. துறைமுகத் தலைவர், ஐயா எனும் பொருளில் நாங்கள் பாக் என்றழைக்கும் ஹர்தோனோ, சாணத்தில் கால் வைத்தபடியே கத்தினார்: "யாருய்யா இந்த வேலையைப் பாத்தது?"

"நான்தான்" என்று முன்னால் போய் நின்றவர் தாங்கள். எழுதியவர் ரோகிப், சரிபார்க்காமல் விட்டது தாங்களாம். பிறகு ரோகிப்பிடம், "வாக்குக் கொடுத்தா மட்டும் போதுமாய்யா? பதிலும் நெசமா இருக்க வேணாமா?" என்றீர்கள்.

"எங்க ஊர்க் காளை ஓடுற வேகத்துல நீளம் எங்க இபு தெரியும்?" என்றார் அவர். தாங்கள் எறிந்த துடைப்பானின் நீளம் அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

சென்ற மாதம், தாங்கள் ஓய்வுபெறப் போவதாகச் சொன்னதும், எங்களுக்கே சோதனை வந்தது. "இபு மூர்த்தி மாதிரியே ஒரு ஆளைக் கொண்டாங்க. இல்லேன்னா மாசக் கடைசில வேலையை ஜகார்த்தா கம்பெனிக்குக் குடுத்துடுவேன்" என்றார் பாக் ஹர்தோனோ. எட்டுப் பேரின் பிழைப்பு. நாங்கள் பதறிப்போய், வந்தவர்களையெல்லாம் விசாரித்தோம்: சர்க்கரையில்லாமல் காபி குடிப்பீர்களா? கொண்டையில் பென்சில் செருகுவீர்களா? கோபம் வந்தால் முணுமுணுப்பீர்களா, முறைப்பீர்களா? ட்ரி வுலான் என்ற பெண் பாதியில் எழுந்துவிட்டார்: "எனக்கு வேலைதாங்க வேணும். உங்க இபுவோட மறுபிறவி வேணாம்!"

அடுத்த அறையிலிருந்து தாங்கள் வந்தீர்கள். "அடப்பாவிங்களா, ஒழிச்ச முப்பத்துநாலு கேள்வியை மனுஷங்ககிட்ட ஆரம்பிச்சுட்டீங்களா!" நாட்காட்டித் தாளைக் கிழித்து மூன்று வரி எழுதிச் சுவரில் ஒட்டினீர்கள். நீளத்தை உள்ளபடி சொல்ல வேண்டும். கப்பல் நிரம்பினால் யார் கேட்டாலும் மறுக்க வேண்டும். தவறினால் நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இம்மூன்றையும் செய்பவர் இந்த நாற்காலியில் உட்காரலாம். ட்ரி வுலான் அதைப் படித்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார்; நாங்கள் ஒன்பது பேரானோம்.

சென்ற வியாழனன்று, கப்பல் நிரம்பியபின், பாக் ஹர்தோனோ தொலைபேசியில் அழைத்தார்: தன் அண்ணியின் கார் ஒன்றே ஒன்றை ஏற்ற வேண்டுமாம். தாங்களாக இருந்தால் "இல்லை" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்திருப்பீர்கள். அன்று நாற்காலியில் இருந்த ரோகிப்போ எழுந்து நின்று வியர்த்தார். "அண்ணி சுகமா பாக்? முட்டிவலி தேவலையா? மன்னிச்சுக்கங்க... எல்லாம் இருக்கு, இடம்தான் இல்லை பாக்!"

ரோகிப் தண்ணீர் குடிக்கப் போனதும் மறுபடி மணி அடித்தது. ட்ரி வுலான் எடுத்துச் சிரித்தார். "ஏன் பாக், அண்ணி மேல அப்படி என்ன கோபம்? கடல்லயா நிறுத்தச் சொல்றீங்க? நாலு மணிக்கு அடுத்த கப்பல்!"

சற்றுநேரத்தில் பாக் ஹர்தோனோவே படியேறி வந்தார். ஒன்பது பேரும் எழுந்து நின்றோம். சுவரிலிருந்த தாளைப் படித்தார். "ஒருத்தர் அழுறார், ஒருத்தி சிரிக்கிறா. ரெண்டும் 'இல்லை'தான். சரி, இங்கேயே இருங்க" என்று, வேலையை எங்களிடமே விடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அண்ணி நான்கு மணிக் கப்பலில் போனார்.

எனவே, இபு அவர்களே, பேரப்பிள்ளைகள் சூழ, பற்களின் துணையோடு, சர்க்கரையில்லாத காபியும் சலிப்பில்லாத காலையுமாய், நூறாண்டு கடந்தும் நலமே வாழ்வீராக! தங்களைப் போல் ஒருவர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தேடுவதையும் விட்டுவிட்டோம்.

அன்பில் குறையாத,
வாகனப் பதிவுப் பிரிவின் ஒன்பது பேர்