பேருக்குப் போனவள்

— அங்கேயே நில்லு. கிட்ட வராதே. முதல்ல கையைக் கழுவு.

— கழுவிட்டுத்தாம்மா வந்தேன்.

— இன்னொரு தடவை கழுவு. சாம்பல் போட்டுத் தேய். பலிபீடத்துல தூபம் போட்ட கை அது, அந்தக் கறியைத் தொட்ட கை. என் பாத்திரம் எதையும் தொட்டுடாதே அரிசாத். சீ, இங்க வரைக்கும் வாடை அடிக்குது.

— அது மீன் வாடைம்மா. உங்க மீன் ஊறல் தொட்டிப் பக்கத்துலயே பொறந்து வளந்தவ எம்மேல வேற என்ன வாடை அடிக்கும்?

— எதிர்த்துப் பேசாதே. வாயையும் கொப்பளி. ஒரு வாயாவது தின்னே ஆகணும்னு நின்னிருப்பானே அந்த அதிகாரி சதுர்னீன். என்ன கறி? ஆடா?

— பன்னி. காலையில அறுத்தது, வெயில்ல கெடந்து பச்சை பச்சையா மினுங்குது. ஈயெல்லாம் வெரட்டுனாலும் பறக்க மாட்டேங்கு, தின்னு தின்னு அப்படியே மப்புல கெடக்கு.

— போதும், போதும். குமட்டுது.

— கேட்டியல்லா, அதான் சொன்னேன்.

— சரி, ஜெயிலுக்குப் போனியா? தூபம் போட மாட்டேன்னு உள்ள கெடக்கற பாரிக்குக்கும் மத்தவங்களுக்கும் ரொட்டி குடுத்தியா?

— குடுத்தேன். கம்பி வழியா திருப்பித் தள்ளிட்டாவ. கூடை அந்தா இருக்கு, ஒண்ணு கொறையாம.

— திருப்பித் தள்ளிட்டாங்களா? ஏன்?

— பலிபீடத்துக்குப் போற வழியிலதான குடுத்தேன். ‘எங்கம்மா போற?’ன்னு பாரிக் அண்ணன் கேட்டாவ. ரொகாத்தா அம்மா பேருக்குத் தூபம் போடப் போறேன்னு சொன்னேன். பொறவு ரொட்டி ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு.

— என் தொட்டியில மீன் கிண்டிக்கிட்டு இருந்த பய! கர்த்தரோட நாள்ல என் வீட்டுக் கூடத்துல உக்காந்துதானே வேதம் வாசிக்கறான்? என் விளக்கு, என் எண்ணெய், என் பாய். அவனுக்கு இப்ப என் ரொட்டி கசக்குதோ? பட்டினி கிடக்கட்டும்.

— கெடக்காவ.

— என்னை ஏன் அப்படிப் பாக்கறே? நான் ஏதாவது தப்புப் பண்ணேனா? ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் சாமிக்குத் தூபம் போட்டுக் கறி தின்னணும்னு சக்கரவர்த்தி கட்டளை போட்டுட்டாரு. வேதக்காரங்க நாம என்ன பண்றது? எண்ணெய்க்காரர் அவர் வேலைக்காரனை அனுப்பறாரு, சாயப்பட்டறைக்காரர் அவர் ஆளை அனுப்பறாரு. நான் உன்னை அனுப்பினேன். நான் போடலையே! என் மனசு கர்த்தர்கிட்ட அப்படியே சுத்தமா இருக்கு.

— ஆமா. மனசு உங்களுது, கை என்னுது.

— என்னடி சொன்னே?

— ஒண்ணுமில்லம்மா.

— இங்க வா, வெளிச்சத்துக்கு வா. கன்னத்துல என்ன? ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு?

— அடிச்சாவ.

— யாரு? வரிசையில முண்டியடிச்சியா?

— அம்மா, நாமெல்லாம் ஒரே உடம்பு, ஒருத்தருக்கு அடிபட்டா எல்லாருக்கும் நோவணும்னு போன கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொன்னியளே. கேட்டு நாங்க எல்லாம் அழுதோம். உங்களுக்கு இப்ப நோவுதா?

— கிண்டல் பண்றியா?

— இல்ல, நெசமாத்தான் கேக்கேன். சமாதான முத்தம் குடுக்கையில என்னைத் தங்கச்சிம்பிய. குடுத்துட்டு அந்தாண்ட திரும்பி, முக்காட்டுத் துணியில வாயைத் தொடைச்சுக்கிடுவிய. நான் பாக்கலன்னு நெனச்சியளோ?

— ...யார் அடிச்சாங்கன்னு கேட்டேன்.

— சதுர்னீன் ஐயாவோட சேவகன். நான் தூபம் போடலம்மா.

— என்ன?

— போடல. கறியும் தின்னல.

— அடிப்பாவி. அப்ப என்ன பண்ணே? ஓடி வந்துட்டியா?

— ஓடல. எனக்கு முன்னால ரொட்டிக்கடை மக்கின் நின்னாரு. அவரு தம்பி பாரிக் அண்ணனோட உள்ள கெடக்கான்லா. இவரு கறியை வாயில போட்டு மென்னுக்கிட்டே அழுதாரு. மூக்கு ஒழுகி மீசையில எறங்குது, அதையும் சேத்து முழுங்குதாரு. முழுங்கிட்டு எங்கிட்டத் திரும்பி, ‘ஒண்ணுமில்ல தங்கச்சி, சட்டுன்னு முடிஞ்சிரும்’ங்காரு. அடுத்து நான். ‘பேரு என்ன?’ன்னு சேவகன் கேட்டான்.

— என் பேரைச் சொல்லச் சொன்னேனே.

— உங்க பேரைத்தாம்மா சொன்னேன். ‘ரொகாத்தா’ன்னேன். தூபத்தை எடுன்னான். எங்க அம்மா போட மாட்டாவ, எங்க அம்மா வேதக்காரின்னு சொல்லிட்டேன். நல்லாக் கேக்கட்டும்னு சத்தமாத்தான் சொன்னேன்.

— என்னடி, விளையாடறியா? விளையாடறேதானே? சொல்லு!

— இல்லம்மா. அதுக்குத்தான் அடிச்சான்.

— கடன்காரி! என் சோத்தைத் தின்னுட்டு என் கழுத்துலயே கத்தி வச்சிட்டியே! இந்த வீடு, தொட்டி, படகு எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஏதாவது தீவுல கொண்டு போய்த் தள்ளுவாங்க. அதுவும் நல்ல காலம் இருந்தா. நான் என்னடி பண்ணேன் உனக்கு? மத்த வீட்டுல மாதிரி சவுக்கால அடிச்சேனா? பட்டினி போட்டேனா?

— இல்லம்மா.

— அப்புறம் ஏன்? உன் பேரைச் சொல்லி நீ செத்துத் தொலைஞ்சிருக்க வேண்டியதுதானே!

— எம்பேருக்குப் போடச் சொல்லிருந்தா பயந்துகிட்டு ஒருவேளை போட்டிருப்பேம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவன் போடச் சொன்னது உங்க பேருக்கு. நீங்க ஞானஸ்நானம் வாங்கி அந்தத் தண்ணியிலேருந்து ஏறி வந்தப்ப, ஈரம் தொடைக்கத் துணி புடிச்சுக்கிட்டு நின்னது நாந்தான். ரொகாத்தான்னு ஞானஸ்நானம் குடுத்த ஐயரு கூப்பிட்டாவ, நீங்க நடுங்கிக்கிட்டே சிரிச்சிய. அன்னைக்கு மாதிரி ஒரு முகத்தை நான் பாத்ததே இல்ல. அந்தப் பேரைக் கொண்டு போயி அந்தக் கறியில முக்கணுமா? எனக்கு அருவருப்பா இருந்துச்சும்மா. உங்க மேல, எம்மேல, எல்லாத்து மேலயும். அங்க அடி வாங்கிட்டுக் கீழ கெடக்கேன். பின்னால நின்னது எண்ணெய்க்காரர் வீட்டு இம்பில். அவன் வாயே தொறக்க மாட்டான்லா. ‘எங்க ஐயாவும் போட மாட்டாரு’ன்னான். அதுக்குப் பின்னால சாயப்பட்டறை அக்கா. அதுக்குப் பின்னால இன்னும் ரெண்டு பேரு. எல்லாருமே உங்க கூடத்துல அப்பம் வாங்குறவுகதான், அவுகவுக மொதலாளி பேருக்கு வந்தவுக. அத்தனை பேரும் அதையே சொல்லிட்டாவ.

— எல்லாருமா?

— எல்லாரும். சொல்லி வச்சதெல்லாம் இல்லம்மா. ரொட்டிக்கடைக்காரரு வாயில கறியோட அப்படியே நிக்காரு.

— ஐயோ. எண்ணெய்க்காரர் என்னை உயிரோட விட மாட்டாரே.

— அவுக நாலு பேரையும் கட்டிப் போட்டிருக்காவ. நீங்க பெரிய வீட்டு அம்மா, உங்க வீட்டு ஐயா சதுர்னீன் ஐயாவுக்குச் சிநேகிதரு. அடிமை பேச்சைக் கேட்டு உங்களைப் புடிக்கப்படாதாம். நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்னு என்னைச் சேவகனோட அனுப்பிருக்காவ. தெருவுல நிக்கான்.

— நான் போய் இவ பொய் சொல்றான்னு சொல்லிட்டா?

— என்னைச் சுரங்கத்துக்கு அனுப்புவாவ.

— அது தெரிஞ்சுமா திரும்பி வந்தே? வர்ற வழியில ஓடியிருக்கலாமே.

— எங்க ஓடுறது? மேலெல்லாம் இந்த வாடையோட?

— பயமா இல்லையா உனக்கு?

— வயித்தைக் கலக்குதும்மா. வந்ததும் மொதல்ல கொல்லைக்குத்தான் ஓடுனேன். பொறவுதான் கை கழுவுனேன்.

— சிரிக்க வைக்காதே. எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு. அந்தக் கிண்ணத்தை எடு... இல்ல, வேண்டாம், விடு. காலையில உன்னை அனுப்பிட்டு நான் என்ன பண்ணேன் தெரியுமா? அத்திப்பழம் தின்னேன். ஒண்ணு கூட மிச்சம் வைக்கலை. தேனா இனிச்சுது. உன்னை அங்க அனுப்பிட்டு எனக்கு எப்படிடி இனிச்சுது?

— தெரியலம்மா.

— இவ்வளவு நேரமும் நீதான் நாறுறேன்னு நெனச்சேன்.

— அம்மா, சேவகன் கதவைத் தட்டுதான். என்ன சொல்ல?

— வர்றேன்னு சொல்லு. பல்லக்கு வேண்டாம். நீ முன்னாடி நட, நான் பின்னாடி வர்றேன்.

\*

— வாங்க ரொகாத்தா அம்மணி. மூக்கைப் பொத்திக்கிட்டே வாங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். பலிபீடத்தைக் கழுவச் சொல்லி எத்தனை தடவை கத்துறது? ஒரு பய அசைய மாட்டேங்கறான்.

— பரவாயில்லை சதுர்னீன் ஐயா. நான் மீன் வியாபாரி.

— உங்க வீட்டு மீன் ஊறல் இல்லாம எனக்குச் சோறு இறங்காது, தெரியுமில்ல? உங்களைப் போய் இந்த எடத்துல நிக்க வச்சிட்டேனேன்னு எனக்கே கூச்சமா இருக்கு. இதெல்லாம் இந்த அடிமைக் கழுதையால.

— அவ கன்னத்துல அடிச்சது உங்க ஆளுங்களா?

— பின்னே? எசமானி பேரைச் சொல்லி எசமானியையே மாட்டி விடுறா! அதோட நின்னுச்சா? அந்தா கட்டிப் போட்டிருக்கேன் பாருங்க நாலு உருப்படி, அதுங்களும் இவளைப் பாத்து அதையே உளறுது. த்தூ. காலையிலேருந்து இதே கூத்துத்தான் அம்மணி. ஒருத்தன் அழுதுக்கிட்டே திங்கறான், ஒருத்தி தின்னுட்டு மூலையில போய்க் கக்குறா. உங்க வேதக்காரங்களை எனக்குப் பிடிக்காது. ஆனா இப்படித் திங்கறவங்களைப் பாத்தா அதைவிட அருவருப்பா இருக்கு. ராத்திரி என்னால சாப்பிட முடியுமான்னே தெரியலை.

— நான் என்ன சொல்லணும்?

— ஒரே வார்த்தை. இவ சொன்னது பொய்னு சொல்லிடுங்க. தூபம் வேண்டாம், கறி வேண்டாம், அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போய்க் கால் நீட்டிப் படுங்க.

— இவளுக்கு?

— இவ சுரங்கத்துக்கு. மத்ததுக்கெல்லாம் நாலு சவுக்கடி, அதோட சரி. இவ பேச்சைக் கேட்டுத்தானே அதுங்க ஆடினது.

— அப்படி இல்லைங்க ஐயா. அவுகளுக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல.

— உன்னை யாரும் கேக்கலை, வாயை மூடு.

— அவ பேசட்டும். அரிசாத், நான் பொய்னு சொன்னா உனக்கு என் மேல கோவம் வருமா?

— வராதும்மா. உங்க இஷ்டம்.

— அருவருப்பு?

— அது வரும்.

— பாத்தீங்களா அம்மணி, எவ்வளவு திமிரு! என் வீட்டுல ஒண்ணு இப்படிப் பேசியிருந்தா நாக்கு இருந்திருக்காது. சீக்கிரம் சொல்லுங்க, கூட்டம் சேருது. அந்த ரொட்டிக்கடைக்காரன் இன்னும் வீட்டுக்குப் போகாம இங்கேயே நின்னு பாத்துக்கிட்டு இருக்கான், சனியன்.

— சத்தமாச் சொல்லணுமா?

— கட்டிப் போட்ட நாலு பேருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. அதுங்களுக்கும் புத்தி வரட்டும்.

— பொய்தான் சொன்னா.

— கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்! அம்மணியே சொல்லிட்டாங்க, பொய்யாம். டேய், இவளைக் கட்டு. அம்மணி, நீங்க கெளம்பலாம்... ஏன் நிக்கறீங்க?

— இன்னும் முடிக்கலை ஐயா. காலையில என்னை வேதக்காரின்னு இவ சொன்னப்ப, அது பொய்தான். இவ பின்னாடி நடந்து வந்த வழியிலதான் நான் ஆனேன்.