பச்சையில் நின்ற முள்

என் பெயரும் வீட்டு முகவரியும் தாளின் தலைப்பில் எழுதிக்கொள்ளப்பட்டுள்ளன. வயது நாற்பத்திரண்டு. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதித்து நிரப்புவதும், அவற்றை இயக்கும் முறையை அங்குள்ளவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்வதும் பதினாறு ஆண்டுகளாக என் தொழில். சிலிண்டர்காரர் என்றால்தான் என்னைத் தெரியும். மனைவியுடனும் பத்து வயது மகளுடனும் முதல் மாடியில் குடியிருக்கிறேன். போன சனிக்கிழமை எங்கள் சமையலறையில் ஏற்பட்ட தீ பற்றி மறுநாள் நான் கொடுத்த வாக்குமூலம் பொய். அதை மாற்றிச் சொல்ல, யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு இதே மாதத்தில் என் மனைவி, "ஊர்ல இருக்குற சுவருக்கெல்லாம் மாட்டுறீங்க, நம்ம வீட்டுச் சுவர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று தினமும் கேட்டாள். அவள் வாயை அடைக்க அடுத்த மாதம் ஒரு நாள் பட்டறையில் கைக்குக் கிடைத்த சிலிண்டரை எடுத்துவந்து சமையலறை வாசலருகே மாட்டினேன். அது நான் வகுப்பெடுக்கப் பயன்படுத்தும் மாதிரி சிலிண்டர். உள்ளே தீயை அணைக்கும் பவுடரும் கிடையாது, அதை வெளியே தள்ளும் காற்றும் கிடையாது. நல்ல சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்கும் என்று காட்டுவதற்காக, கண்ணாடியைக் கழற்றி முள்ளைப் பச்சைக் கட்டத்தில் பசை வைத்து ஒட்டியவன் நானே. அடுத்த வாரம் நல்லதாக மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அந்த அடுத்த வாரம் பதினொரு மாதமாக வரவில்லை.

அதன் பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்து அதில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் வகுப்பில் சொல்வதைக் கேட்டிருந்த என் மனைவி, தேதி பார்த்துப் பேனாவோடு வந்து நின்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் விடமாட்டாள். வெற்று சிலிண்டரின் அட்டையில் மூன்று முறை கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது முறை தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே போட்டேன். வாரம் தவறாமல் அவள் அதைத் துடைத்து வைப்பாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "என் வீட்டுக்காரர் மாட்டினது" என்று காட்டுவாள்.

சனிக்கிழமை மதியம் சுமார் மூன்றரை மணிக்கு, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தபோது மழை தூறியதால், என் மனைவி துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். அதன் பிறகு மகள் கத்தியதைக் கேட்டு அவள் ஓடிவந்து பார்த்தபோது சட்டியில் தீ எழும்பி ஜன்னல் திரையில் பிடித்திருந்தது. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், ஊற்றவில்லை. அடுப்பை அணைத்தாள். பெரிய தட்டை எடுத்துச் சட்டியை மூடினாள். மகளை வாசலுக்கு அனுப்பினாள். அதுவரை எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள். திரை எரிந்துகொண்டிருந்ததால், அதன் பிறகு சிலிண்டரை எடுத்தாள்.

கைப்பிடியைப் பூட்டியிருக்கும் பின்னை உருவி வாசலில் நின்ற மகள் பக்கம் எறிந்துவிட்டு, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்கு நீட்டி அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. வேலை செய்யவில்லை என்றால் முள்ளைப் பார், சிவப்பில் இருந்தால் போட்டுவிட்டு வெளியே ஓடு என்பது நான் எல்லா வகுப்பிலும் சொல்கிற பாடம். அவள் முள்ளைப் பார்த்தாள். பச்சையில் இருந்தது. அதனால் ஓடாமல் நின்று மறுபடி அழுத்தினாள். அப்படி நாலைந்து முறை அழுத்தியதாக மகள் சொல்கிறாள். அதற்குள் எரிந்த திரை அறுந்து அவள் கைமேல் விழுந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கனத்த துணியோடு ஓடிவந்து அவளைப் போர்த்தி வெளியே இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

தகவல் கிடைத்து நான் வேனில் வந்து சேர்ந்தபோது தீயணைப்பு வீரர்கள் தீயை அணைத்துவிட்டுக் கீழே குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. முதலில் மாடிக்குப் போனேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கிடந்த மாதிரி சிலிண்டரைச் சாக்கில் சுற்றி வேனில் போட்டு, அதே அளவில் நிரப்பிய சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து, பின்னைக் கழற்றி, கரியைத் தடவி, பழைய அட்டையை அதில் கட்டி அங்கேயே கிடத்தினேன்.

மறுநாள் விசாரணை அதிகாரி அதை அழுத்திப் பார்த்தார். பவுடர் நன்றாக வந்தது. வீட்டம்மா இயக்கத் தெரியாமல் பதற்றத்தில் கீழே போட்டுவிட்டார் என்று எழுதினார். "ஆமாம் சார், அவளுக்குக் கொஞ்சம் பதட்டம் ஜாஸ்தி" என்றேன். மகள் குறுக்கே வந்து, "அம்மா பின் எடுத்து அழுத்தினாங்கப்பா, நான் பார்த்தேன்" என்றாள். நீ பயத்தில் தப்பாகப் பார்த்திருப்பாய் என்று அதட்டினேன். அதன் பிறகு இன்றுவரை அவள் என்னிடம் பேசவில்லை.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் என் மனைவி, இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டோடு, "என்னங்க, இத்தனை தடவை சொல்லிக் குடுத்தும் உங்க மானத்தை வாங்கிட்டேன். எங்க தப்புப் பண்ணினேன்னு இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். நான் சொன்னேன். பின்னை எடு, நீட்டு, அழுத்து என்று கையைக் காட்டிச் சொன்னேன். கட்டுப்போட்ட கையால் அவளும் செய்து காட்டி, "இப்படித்தானே பண்ணினேன்" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் தன் பென்சில் டப்பாவைத் திறந்து ஒரு பின்னை என் முன்னால் வைத்தாள். அதில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. வகுப்பில் பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று மாதிரி சிலிண்டரில் மட்டும் நான் கட்டுவது அது. அந்தப் பின்னையும், பட்டறையில் ஒளித்துவைத்திருந்த மாதிரி சிலிண்டரையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை, யாரும் மிரட்டியோ ஆசைகாட்டியோ சொல்லவில்லை. திருத்தம் ஏதும் உண்டா என்று அதிகாரி கேட்டதற்கு, திருத்தம் இல்லை, ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். அந்த வரி: என் மனைவி சரியாகத்தான் அழுத்தினாள். இதை அவளுக்கு நானே படித்துக் காட்ட ஒரு நகல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கீழே உள்ள கையெழுத்தும் அந்த அட்டையில் உள்ள மூன்று கையெழுத்துகளும் என்னுடையவை.

(கையொப்பம்)