பதினேழாம் எண் பச்சைத் துணி

சிதம்பரம் குற்றவியல் நடுவர் முன்பாக 14.07.2011 அன்று முற்பகல் 11.20 மணிக்குப் பதிவு செய்யப்பட்டது.

பெயர்: கதிர்வேல். தகப்பனார் பெயர்: சுப்பிரமணியன். வயது: 47. தொழில்: மீன்பிடித்தல். விலாசம்: கீழக்குப்பம், பரங்கிப்பேட்டை, கடலூர் மாவட்டம்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி புஷ்பவள்ளியுடன் வசித்து வருகிறேன். எனக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு உண்டு. கடற்படை அதிகாரியாக இருந்து வேலையை விட்டு நீக்கப்பட்ட தில்லைநாதன் அவர்கள்மேல் 2008-ம் வருடம் நான் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று சொல்ல வந்திருக்கிறேன். அவர் மேல்முறையீடு செய்திருப்பதாகவும், வருகிற மாதம் விசாரணை என்றும், நான் உண்மையைச் சொன்னால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கலாம், எனக்கு ஜெயில் கிடைக்கலாம் என்றும் ஒரு வக்கீல் என்னிடம் சொன்னார். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

தில்லைநாதன் சாரை நான் முதலில் பார்த்தது 2005 ஜனவரியில், சுனாமி வந்த மறுவாரம். நிவாரணச் சாமான் கொண்டுவந்த படகுக்கு அவர் பொறுப்பு. குமராட்சிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை என்று சொன்னார். அதன் பிறகு அவர் எங்கெங்கேயோ வேலை பார்த்துவிட்டு, இலங்கையில் சண்டை முற்றிய 2007 கடைசியில், எங்கள் கரையில் இருந்த ரோந்து முகாமுக்கே அதிகாரியாக வந்து சேர்ந்தார்.

அவர் வருவதற்கு முன்னால், கடலில் ரோந்துப் படகு மறித்தால் நாங்கள் கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வெயிலில் முட்டி போட வேண்டும். வலையைக் கிளறுகிறேன் என்று கிழித்துவிட்டுப் போவார்கள். ஏன் என்று கேட்டவனுக்கு அடி. தில்லைநாதன் சார் வந்த பத்தாம் நாள் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனி சோதனை எல்லாம் கரையிலேயே நடக்கும், சோதனை முடிந்த படகுக்கு நம்பர் போட்ட பச்சைத் துணி தருவோம், அதைக் கட்டியிருக்கும் படகைக் கடலில் யாரும் மறிக்க மாட்டார்கள், யாரையும் கை நீட்டி அடிக்க மாட்டார்கள், சாயந்திரம் துணியைத் திருப்பிக் கொடுத்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னார். அவரிடம் வேலை பார்த்தவர்களே முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சண்டைக் காலத்தில் இப்படி இளக்காரம் கொடுத்தால் வேலை போய்விடும் என்று மேலதிகாரி ஒருவர் எங்கள் எதிரிலேயே அவரைத் திட்டினார். அவர் "போனா எங்கப்பா கூட நடவு நடுறேன் சார்" என்றார். பத்து மாதம் எங்கள் குப்பத்தில் யார் முதுகிலும் அடி விழவில்லை. என் துணியின் நம்பர் பதினேழு.

11.10.2008 அன்று எனக்கு வஞ்சிரம் நன்றாகப் பட்டது. எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படகுக்கு நல்ல மீன் பட்டால், அந்தப் படகில் கட்டியிருந்த துணியை, வலை காய்ந்துபோன படகுக்காரன் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வான். ராசி என்று நம்பிக்கை. கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. அன்று மதியம் என் மனைவியின் தம்பி தங்கராசு வந்து, "மாமா, மூணு வாரமா ஒண்ணும் படல, ஒங்க துணிய ஒருநா குடுங்க" என்று கேட்டார். சோதனைக்குப் போனால் முகாமிலேயே உனக்கும் ஒன்று தருவார்களே என்று எனக்கு வாய்வரை வந்தது. ராசிக்குக் கேட்கிற மச்சானிடம் கணக்குக் கேட்கக் கூச்சப்பட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் படகில் டீசல் கேன் ஜாஸ்தியாக இருந்ததைப் பார்த்தேன். அதையும் கேட்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதன் பிறகு மாலை ஐந்து மணிக்கு முகாமுக்குப் போனேன். மேஜையில் தில்லைநாதன் சாரே இருந்தார். துணி நனைந்துவிட்டது, வீட்டில் காய்கிறது என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மறக்காம கொண்டாந்துடுங்க" என்று சொல்லி, நோட்டில் என் பெயருக்கு எதிரே 'நாளை' என்று அவர் கையாலேயே எழுதினார். அவர் போட்ட சட்டத்தை அவரே மீறினது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் தங்கராசு படகை ரோந்துப் படகு தூரத்தில் பார்த்திருக்கிறது. பச்சைத் துணி தெரிந்ததால், சாருடைய உத்தரவுப்படி மறிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த நாள் கோடியக்கரைக்குத் தெற்கே அந்தப் படகைப் பிடித்தார்கள். இலங்கைக்குக் கடத்துகிற டீசலும் பேட்டரியும் மருந்துப் பெட்டிகளும் இருந்ததாகச் சொன்னார்கள். தங்கராசு கடலில் குதித்துவிட்டாராம். இன்றுவரை தகவல் இல்லை. படகில் என் நம்பர் போட்ட துணி இருந்தது.

15.10.2008 அன்று என்னைக் கடலூரில் ஓர் ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். சாதா உடுப்பில் இரண்டு பேர் இருந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். துணியை நீ கொடுத்தாயா, அதிகாரி உன்னிடம் வாங்கித் தங்கராசுவுக்குக் கொடுத்தாரா, இரண்டில் ஒன்று சொல் என்றார்கள். அதன் பிறகு ஒருவர், "பொண்ணு அண்ணாமலை நகர்ல நர்சிங் படிக்குதில்ல? எந்த ஹாஸ்டல்?" என்று மெதுவாகக் கேட்டார். என் மகள் இசைவாணி எங்கள் குப்பத்தில் காலேஜ் படியேறின முதல் பெண். பதினோராம் தேதி மாலை தில்லைநாதன் சார் துணியை என்னிடம் வாங்கிக்கொண்டு, பொய்யாக 'நாளை' என்று எழுதினார் என்று சொன்னேன். எழுதிக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

அதன் பிறகு முகாமுக்கு வேறு அதிகாரி வந்தார். பச்சைத் துணிகளை ஒரே குவியலாகப் போட்டுக் கொளுத்தினார்கள். அடுத்த வாரமே கடலில் பழையபடி முட்டி போட்டோம். பக்கத்துப் படகில் ராஜமாணிக்கம் அண்ணனை அடித்ததில் அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் கரையில் வேறு வழியாகப் போய்வந்தேன்.

2009 பிப்ரவரியில் சென்னையில் விசாரணை நடந்தது. நான் சொன்னதைப் படித்துக் காட்டினார்கள். ஆமாம் என்றேன். நீங்கள் சாட்சியைக் கேள்வி கேட்கலாம் என்று தில்லைநாதன் சாரிடம் சொன்னார்கள். அவர் எழுந்து நின்றார். என்னை என்ன கேட்டாலும் உண்மை வாயில் வந்துவிடும் என்று பயந்தேன். அவர் நோட்டைப் பற்றிக் கேட்கவில்லை, துணியைப் பற்றியும் கேட்கவில்லை.

"கதிர்வேல், ஒங்கள யாராச்சும் அடிச்சாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"அது போதும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருட வேலை அத்தோடு போயிற்று.

தங்கராசுவுக்குத் துணி கொடுத்தது நான்தான். தில்லைநாதன் சாருக்கு அது தெரியாது. என் மனைவிக்கும் இது தெரியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், இன்னமும் தம்பி வருவான் என்றிருக்கிறாள். ஜெயிலுக்குப் பயப்படுவதைவிட, இந்தக் கதவைத் திறந்து அவள் எதிரில் போய் நிற்க அதிகமாகப் பயப்படுகிறேன். இசைவாணிக்குக் கவர்மெண்டு வேலைக்கு ஆர்டர் வருகிற நேரம். அதுவும் என்னால் கெடலாம்.

யாராவது மிரட்டியோ அடித்தோ இதைச் சொல்கிறாயா என்று நடுவர் அவர்கள் இரண்டு முறை கேட்டார்கள். யாரும் மிரட்டவில்லை. நான் பயந்திருக்கிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன், எழுதினார்கள். மேலே உள்ளதை எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம். கை நடுங்குவதால் கையெழுத்து பழைய வாக்குமூலத்தில் இருப்பதுபோல் இல்லை. இதுவும் என்னுடையதுதான்.

(ஒப்பம்)
சு. கதிர்வேல்