பர்ரகானின் கைவிலங்கில் உள்ள துகள் குறித்து

என் பெயர் ஃபிதென்சியோ உர்பான், வயது 54, தொழில் வாணவேடிக்கை கட்டுவது, இருப்பு வாணவேடிக்கைக்குப் பேர்போன துல்தெபெக் ஊர். ஆறாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். இடது கையில் விரல் நான்கு. ஐந்தாவது போனதற்கு யார் மீதும் புகார் இல்லை, என் புத்தி மீதுதான்.

மார்ச் எட்டாம் தேதி திருவிழாவில், நான் கட்டிய காகிதக் காளையைத் தோளில் சுமந்து, அதில் வெடிகள் வெடிக்க வெடிக்க என் மகன் நசாரியோ தெருவெல்லாம் ஆடினான். அன்றே பக்கத்துத் தெரு மளிகைக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை ஆய்வாளர் பர்ரகான் வீட்டுக்கு வந்து, "துப்பாக்கி சுடுற பயிற்சிக் களத்துலேர்ந்து நேரா வர்றேன், கைச்சூடு இன்னும் ஆறல, ஓடித்தான் பாரேன்" என்று சொல்லி என் மகனுக்கு விலங்கு மாட்டினார். அதன் பிறகு நிலையத்தில் வைத்து அவன் உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் பசைத்தாளால் ஒற்றி எடுத்தார்கள். அதில் பாதியை அமிலத்தில் கரைத்துப் பார்த்ததில் ஈயம், பேரியம், ஆண்டிமனி மூன்றும் இருந்ததாகச் சொல்லி, சுட்டவன் இவனே என்று அடைத்தார்கள்.

அதன் பிறகு நான் என் கையை நீட்டி, என்னுடையதையும் ஒற்றியெடுத்துக் கரைக்கச் சொன்னேன். மூன்றும் இருந்தன. திருவிழாவில் காளையைத் தொட்டு ஆசீர்வதித்த எங்கள் பாதிரியார் கையிலும் இருந்தன. "அப்போ மூணு பேருமா சேர்ந்து சுட்டோம், ஃபாதர் குறி பாத்தாரா சார்?" என்று கேட்டேன். "யோவ் பட்டாசு, இந்த ஜோக்கை ஜட்ஜுகிட்ட போய்ச் சொல்லு" என்றார் பர்ரகான்.

அதன் பிறகு ஆய்வக அம்மாள் ஒஃபேலியா மீதிப் பாதியைக் கரைக்காமல், மின்னணு நுண்ணோக்கியில் ஒவ்வொரு துகளாகப் பார்த்தார். வெடியில் அந்த உலோகங்கள் மூட்டையில் கொட்டிய சோளமும் பீன்ஸும் போலத் தனித்தனியாகக் கிடக்கும், துப்பாக்கியில் மூன்றும் உருகி ஒரே உருண்டையாகிவிடும் என்று என் மண்டைக்கும் ஏறும்படி சொன்னார். உள்ளங்கையில் எல்லாமே வெடித் துகள். மணிக்கட்டில் மட்டும் இரண்டு உருண்டைகள். "இப்ப சிரிய்யா" என்றார் பர்ரகான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது அந்த அம்மாள், "மணிக்கட்டுல மாட்டுன விலங்கு யாரோடது?" என்று கேட்டார். பர்ரகான் வெளியே போய்விட்டார். அந்த விலங்கு இப்போது, நான் வாக்குமூலம் தரும் இதே அறையில், அவர் இடுப்பில் தொங்குகிறது. அவர் வாசலைத் தாண்டும் முன் அதைக் கழற்றி, உறையிலிட்டு முத்திரை வைத்து, அதையும் துகள் துகளாகப் பார்க்க உத்தரவிட வேண்டுமென நீதிபதி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை நான் சொன்னதில் பொய் இல்லை; வாசித்துக் காட்டியதும் சரியே. கையெழுத்திட பர்ரகான் தன் பேனாவை நீட்டினார். அதைத் தொட மறுத்து, எழுத்தரின் பேனாவால் ஒப்பமிட்டேன்.

(ஒப்பம்) ஃபிதென்சியோ உர்பான்