மகிமாவின் மை

உங்கள் ஸ்டேஷனில் டீ நன்றாகத்தான் இருக்கிறது, மேடம். இஞ்சி மட்டும் கொஞ்சம் தூக்கல். அவசரமில்லை, நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் வினிதா. ராயபுரத்துக்காரி. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். நான் திருவொற்றியூரில் ஒரு மை கம்பெனியில் கெமிஸ்ட். பேனா மை என்று நினைத்துவிடாதீர்கள். ஃபுட்பால், பாக்ஸிங் கிளவுஸ், ஹெல்மெட் மேலெல்லாம் பேரும் படமும் அச்சடிக்கிற மை. யு.வி. விளக்கடியில் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் அது இறுகிவிட வேண்டும். அப்புறம் எத்தனை உதை வாங்கினாலும் உரியக் கூடாது. இரண்டையும் ஒரே மையில் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. சீக்கிரம் இறுகுகிற மை, பந்து அமுங்கி வளைந்ததும் விரிசல் விட்டுவிடும். வளைந்து கொடுக்கிற மையோ இறுகவே நேரம் எடுத்துக்கொள்ளும்.

அந்த மைக்காகத்தான் நானும் மகிமாவும் தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அவளும் கெமிஸ்ட்தான், என் வயதுதான். அவள் அப்பாவுக்கு யானைக்கவுனியில் பாத்திரக் கடை. ஒரே காலேஜ். கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டதே நான். ஒரே ரயிலில் போவோம், ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். அவள் என்றால் எனக்கு உயிர். இதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மையில் அச்சடித்த பந்துகளையும் அவள் மையில் அச்சடித்த பந்துகளையும் வியாசர்பாடி டீம்களுக்கு விளையாடக் கொடுத்தோம். மழைக்காலம், மைதானம் முழுக்கச் சேறு. திரும்பி வந்தபோது என் பந்துகளில் பாதி எழுத்தைக் காணோம். அவளுடையதைக் கழுவினால் கடையில் வாங்கிய மாதிரி இருந்தது. முதலாளி ஜெரின் அதில் ஒன்றைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். அதுவரை எதற்கெடுத்தாலும் என்னைக் கூப்பிட்ட மனுஷன், அதற்கப்புறம் நான் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"மகிமா பாத்துட்டாங்களா?"

பொறாமையா என்று கேட்டீர்கள். பொறாமைதான். மை வாங்க ஜலந்தரிலிருந்து வந்த பந்து வியாபாரி அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. யார் யார் என்று அவருக்கு என்ன தெரியும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இறுகாத மையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோலில் பட்டால் முதலில் ஒன்றும் ஆகாது. மறுபடி மறுபடி பட்டால் ஒரு நாள் உடம்பு அதை ஒத்துக்கொள்ளாமல் போய்விடும். அப்புறம் ஆயுசுக்கும் ஆகாது. துளி பட்டாலும் கொப்பளிக்கும். அதனால்தான் கையுறை இல்லாமல் யாரும் டப்பாவைத் திறக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. எழுதியது நான்.

மகிமாவுக்குச் சின்னக் கை. சின்ன அளவு கையுறைப் பெட்டி எங்கள் லேபில் அவள் ஒருத்திக்குத்தான். மேலாக இருக்கிற ஜோடியின் உள்பக்கம் நிறம் சேர்க்காத மையைப் பஞ்சால் ஒரு பூச்சு பூசிவைப்பேன். தினமும் இல்லை, மனசு தாங்காதபோது மட்டும். விரல் இடுக்கில் முதலில் அரிப்பு வந்தது. அப்புறம் தோல் வெடித்து நீர் வடிந்தது. "இன்னாடி, கை இப்டி கீது? டாக்டராண்ட காட்டு" என்று முதன்முதலில் சொன்னதே நான்தான். கூடவே போனதும் நான்தான்.

லேபுக்குள் இனிக் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் உட்கார்ந்தாள். அத்தோடு நானும் விட்டிருப்பேன், மேடம். ஆனால் ஜெரின் அவளுடைய நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. கை ஆறட்டும், அப்புறம் மகிமா எதையும் தொட வேண்டாம், ஆபீஸில் இருந்துகொண்டு சொன்னால் போதும், மற்றவர்கள் கலக்கட்டும் என்றார். மற்றவர்கள் என்றால் நான்.

அதற்குப் பிறகுதான் ஞாயிறுதோறும், அவர்கள் சர்ச் முடிந்து வருகிற நேரம் பார்த்து, மகிமா வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். டாக்டர் எழுதிய களிம்பை நானே மெடிக்கலில் வாங்கிப் போவேன். ஜன்னலோரம் உட்கார வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, விரல் விரலாகத் தடவிவிடுவேன். அவளால் சோறு பிசைய முடியாது. அவள் அம்மா தங்கபுஷ்பம்தான் ஊட்டுவார். அப்படி ஊட்டும்போது ஒரு நாள் அவள் அழுதுவிட்டாள். "வினி, நீயும் இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேனோ" என்றாள். எனக்கும் கண்ணீர் வந்தது. நடிப்பு இல்லை.

கை ஆறவில்லை. நகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மையை விட்டு மாதக்கணக்கில் ஆகியும் ஏன் ஆறவில்லை என்று டாக்டருக்கே பிடிபடவில்லை.

மகிமாவுக்குத்தான் பிடிபட்டது. தடவும்போது ஜன்னல் கட்டையில் சிந்திய களிம்பு, வெயில் பட்டுக் கெட்டியாகிக் கிடந்திருக்கிறது. அம்மாவைக் கத்தியால் சுரண்டச் சொல்லியிருக்கிறாள். வரவில்லை. களிம்பு வெயிலில் உருகும், இறுகாது. வெயிலில் இருக்கிற யு.வி. பட்டு இறுகுவது எங்கள் மைதான். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. களிம்பு டப்பாவை ஜெரினுக்கு அனுப்பிவிட்டாள். அங்கிருந்து அது உங்களிடம் வந்திருக்கிறது.

ஆமாம், களிம்பில் நிறம் சேர்க்காத மையைக் குழைத்தது நான். ஒவ்வொரு டப்பாவிலும். கை ஆறிவிட்டால் அவள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள், ஆறவே கூடாது என்றுதான் செய்தேன்.

யாருடைய மை என்று நீங்கள் கேட்கவே இல்லையே, மேடம். அவளுடையது. என் மை அந்த ஜன்னல் வெயிலுக்கெல்லாம் இறுகாது. என்னுடையதைக் குழைத்திருந்தால் இந்த ஞாயிறும் அவள் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டிருப்பேன். லேப் அலமாரியைத் திறந்ததும் என் கை தானாக அவள் மை டப்பாவுக்குத்தான் போனது. களிம்பிலும் இறுகியிருக்கிறது, பாருங்கள். இதிலும் அவள்தான் ஜெயித்தாள். எனக்கு மனசு ஆறாதது அது ஒன்றுதான்.