தோற்காத மச்சினன்

எனக்கு விளையாட்டில் பெரிய ஆசை இல்லை, ஐயா. மூட்டை தூக்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிடைத்தால் காலை நீட்டிப் படுக்கத்தான் தோன்றும். மகள் விட மாட்டாள். எட்டு வயது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிடுவாள்.

எங்களுக்கு இருப்பது ஒரே அறை. பழைய சாமான் கிடங்கின் பின்சுவரை ஒட்டிக் கட்டியது. நீங்கள் என்னை உட்கார வைத்திருக்கும் இந்த அறையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதில் நான், மனைவி, மகள், இரண்டு வருடமாக மனைவியின் தம்பி. அவனும் அதே கிடங்கில்தான் என்னோடு சுமை தூக்கினான். வேலையில் அவன் முகம், சாப்பாட்டில் அவன் முகம், திரும்பிப் படுத்தால் அவன் முதுகு.

கூடவே இருந்தும் தெரியாத குணம் கேரம் பலகையில் தெரிந்துவிடும். மகள் தோற்கப் போகிறாள் என்றால் என் மனைவி வேண்டுமென்றே குறி தவறுவாள். மகள் அழுவாள், முகம் கழுவிக்கொண்டு மறுபடி வருவாள். மச்சினன் மட்டும் தோற்றதை ஒப்புக்கொள்ளவே மாட்டான்.

"போர்டு சாஞ்சிருக்கு மாமா. காயெல்லாம் உங்க பக்கமே ஓடுது."

குழந்தையிடமும் அப்படித்தான். நான் தோற்றால் எனக்கு ஒன்றும் இல்லை. விட்டுக்கொடுக்கிற ஆள் நான்.

அன்று மழை. மகள் எழுத்து விளையாட்டு வைத்தாள். ஓர் எழுத்தைச் சொன்னால் அதில் தொடங்கும் பூ, மிருகம், ஊர் எழுத வேண்டும். நான் நாற்பது வயதில் எழுதப் படிக்கக் கற்றவன். மற்றவர்கள் முடித்தபோது ஒரு பூவில்தான் நின்றிருந்தேன். மச்சினன் என் தாளைத் தூக்கிப் பிடித்தான்.

"அக்கா, மாமா பேப்பரைப் பாரேன். சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி வெள்ளையா இருக்கு."

"சும்மா இருடா," என்ற மனைவியும் சிரித்தாள். மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்து ஒளிந்து விளையாடலாம் என்றேன். கிடங்குச் சாவி என்னிடம் இருந்தது.

"மாமாதான் தேடணும். நான் ஒளிஞ்சா பொழுது சாஞ்சாலும் கெடைக்க மாட்டேன்," என்றான்.

எங்கே ஒளிவான் என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம் நாங்கள் இருவரும் இறக்கிய, ஆள் படுக்கிற அளவு பழைய ஐஸ்கிரீம் குளிர்பெட்டி. மூடினால் வெளிக்கொக்கி தானாக விழும், உள்ளிருந்து திறக்க வராது. அது அவனுக்கும் தெரியும். அதனால் மூடி இடுக்கில் சாக்குத் துண்டு ஒன்றை மடித்துச் சொருகியிருந்தான்.

நான் அதை உருவினேன். மூடிமேல் உட்கார்ந்தேன்.

முதலில் சத்தமே இல்லை. அசைந்தால் அகப்பட்டுவிடுவான் அல்லவா. பிறகு தட்டினான்.

"மாமா, வெளையாடாதீங்க."

பிறகு உதைத்தான். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. மகள் கிடங்கு வாசலில் வந்து நின்று, "மாமா கெடைச்சாராப்பா?" என்று கத்தினாள்.

"இன்னும் இல்லம்மா. நீயும் ஒளிஞ்சுக்கோ, போ."

ஓடிப்போய் ஒளிந்துகொண்டாள்.

கோபத்தில் செய்தாயா என்று கேட்டீர்கள். கோபம் இல்லை, ஐயா. அவன் ஒரே ஒரு சொல் சொன்னால் திறந்துவிடுவது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். சொன்னான். "தோத்துட்டேன் மாமா." தெளிவாகத்தான் கேட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னான். பத்து தடவை கேட்டேன். அதற்குப் பிறகு அவன்தான் சொல்லவில்லை.